புனிதர்களுக்குச் சோறு போட்ட அக்கா

மீஞ்சூருக்கு அருகே, பிறர் வயலில் கூலி வேலை செய்த பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் எங்கள் அக்கா. அப்பா காலமானபோது நான் கைக்குழந்தை. படிப்பை நிறுத்திவிட்டுக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் சேர்ந்த அக்கா, ஓய்வு பெறும்வரை அங்கேதான் சமைத்தார். தமக்கென்று ஒரு குடும்பம் வேண்டாமென்று என்னை வளர்த்தார். கோபம் வந்தால் கரண்டியோடு துரத்துவார். அடுத்த நிமிடம் அதே கரண்டியால் குழம்பு ஊற்றுவார்.

ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் பங்குப் பிள்ளைகளுக்குப் புனிதர் கதை சொல்வது அக்காவின் வேலை. அவர் கதைகளில் எந்தப் புனிதரும் பட்டினி கிடந்ததில்லை. அம்புகள் தைத்துக் கிடந்த செபஸ்தியாரைக் காப்பாற்றிய அம்மாள், முதலில் ரசம் சோறு குழைத்து ஊட்டினார் என்பார். அப்பாவும் அம்மாவும் ஷிப்டுக்குப் போய்விட, வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். கதை முடிந்ததும் அக்கா வீட்டிலிருந்து கொண்டுவந்த தூக்குவாளியைத் திறப்பார். புனிதர் சாப்பிட்டது எதுவோ, அன்று அதுதான் அதில் இருக்கும்.

ஒருமுறை பங்குத்தந்தை சிரித்துக்கொண்டே, "புத்தகத்துல ரசம் சோறெல்லாம் இல்லியேம்மா?" என்றார்.

"எழுதாம உட்டா பட்டினின்னு அர்த்தமா ஃபாதர்? அம்மாம் ரத்தம் போன ஆளுக்கு சோறு போடாமயா இருந்திருப்பாங்க?"

அன்று ஃபாதரும் ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அப்படிப்பட்டவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. கடைசி நாட்களில் தண்ணீர்கூட இறங்கவில்லை. "ஒரு வாய்க்கா, எனக்காக" என்று கஞ்சியும் ஸ்பூனுமாகக் கெஞ்சுவேன். உதட்டில் பட்டு வழிந்துவிடும். அவரோ, நீ சாப்பிட்டாயா என்று கையால் கேட்பார். அப்படியே போய்விட்டார். ஊருக்கே சோறு போட்ட அக்காவை வெறும் வயிற்றோடு அனுப்பிவிட்டேனே என்று நான் அழாத நாளில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை.

முப்பதாம் நாள் செபத்தில், அக்காவிடம் கதை கேட்ட சிறுமி ஜெனிபர் எழுந்து நின்று, அவர் வாழ்க்கையையே ஒரு புனிதர் கதையாகச் சொன்னாள்.

"கடைசியா ஆண்டவரு வாசல்ல நின்னுகினு, வா போலாம்னாரு. எங்க மிஸ்ஸு, 'இருங்க ஆண்டவரே, தம்பி கஞ்சி வச்சிகினு நிக்குது, குடிச்சிட்டு வரேன்'னாங்க. குடிச்சிட்டுதான் போனாங்க."

அங்கிருந்த எல்லோருக்கும் நடந்தது தெரியும். ஒருவரும் அவளைத் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை. அன்று பந்தியில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

அக்காவைக் குளிப்பாட்டி, தலைவாரி, பெற்ற தாயைப் போல் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அண்ணிக்கும், கூப்பிட்டபோதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஓட்டிய வள்ளூர் மாமாவுக்கும், கேன்டீன் தோழியருக்கும், ஃபாதருக்கும், ஜெனிபருக்கும் எங்கள் குடும்பம் என்றென்றும் நன்றியுடையது. முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய அனைவரும் கோயிலுக்குப் பின்னால் பந்திக்கு வாருங்கள். ரசமும் சோறும் தயாராக இருக்கின்றன. யாராவது சாப்பிடாமல் கிளம்பினால், அக்கா என்னைத்தான் கேட்பார்.