தாழ்ப்பாளுக்கு ஒரு டிக்

என் சித்தி புதுக்கோட்டையில் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தாள். வருஷத்துக்கு ஒரு முறை அங்கே ஒரு படிவம் கொடுப்பார்கள். நூலகம், குடிநீர், சாப்பாடு, கழிப்பறை எல்லாம் திருப்தியாக இருக்கிறதா என்று டிக் அடிக்க வேண்டும்.

முதல் வருஷம் சித்தி டிக்கோடு நிற்கவில்லை. விடுதிக் கழிப்பறைகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று பின்பக்கம் முழுக்க எழுதிவிட்டாள். பெயர் போட வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்து, தாத்தாவை வரச் சொன்னார்கள். தாத்தா சித்தியை மணமேல்குடிக்குக் கையோடு கூட்டிவந்துவிட்டார். "வசதி பத்தலைன்னா வீட்டுலயே இருக்கட்டும். மாப்பிள்ளை பாத்துருவோம்" என்றார். அம்மா பத்து நாள் கெஞ்சிய பிறகுதான் திரும்ப அனுப்பினார்.

மூன்றாம் வருஷம், நான் நாலாம் வகுப்பு. லீவுக்குச் சித்தியை அழைத்துவர அம்மாவோடு விடுதிக்குப் போனேன். நான் கழிப்பறைக்குப் போனபோது சித்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அந்த வருஷப் படிவத்தை என்னிடம் நீட்டினாள். "எல்லாத்துக்கும் 'மிக நன்று' போட்டுரு."

போட்டேன், கழிப்பறையைத் தவிர. அதற்கு 'மோசம்'.

சித்தி பார்த்தாள். பிளேடை எடுத்து என் டிக்கைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

"நீதானே சித்தி கதவப் பிடிச்சுக்கிட்டு நின்னே?"

"மெதுவாப் பேசுடி. தாத்தா அங்கிட்டுத்தான் இருக்காரு."

வாசலிலிருந்து தாத்தாவே கேட்டார். "என்னம்மா, காலேஜ்ல எல்லாம் வசதியா இருக்கா?"

"நல்லா இருக்குங்கப்பா."

பொய் சொல்பவளோடு இரண்டு நாள் நான் பேசவில்லை.

பட்டமளிப்பு விழாவுக்கு எல்லோரும் போனோம். எங்கள் வீட்டில் முதல் பட்டம். கல்லூரி வாசலில் பெரிய பேனர்: மாணவியர் திருப்தி ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்திருக்கிறதாம். பச்சைக் கட்டங்கள் படிப்படியாக ஏறியிருந்தன. தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"மொதல்ல கொஞ்சம் கொறை இருந்திருக்கு. பெறகு சரி பண்ணிட்டாங்க போல" என்றார் சித்தியிடம்.

"ஆமாங்கப்பா."

நான் வாயைத் திறந்தேன். சித்தி என் கையைப் பிடித்து அழுத்தினாள், வலிக்கும் அளவுக்கு. கறுப்பு அங்கி போட்ட சந்தோஷத்தில் அழுத்துகிறாள் என்று நினைத்து, நானும் சிரித்துக்கொண்டே பதிலுக்கு அழுத்தினேன்.