பெரியம்மா மூன்று தரம் கூப்பிட்டாள்

பெரியப்பாவும் பெரியம்மாவும் ஒருவருக்கொருவர் காய் விட்டிருக்கிறார்கள் என்றுதான் ஒன்பது வயது வரை நான் நம்பிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் நாங்கள் காலையில் காய் விட்டால் சாயங்காலத்துக்குள் பழம் விட்டுவிடுவோம். இவர்கள் என்னடா என்றால் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகியும் பேசிக்கொள்ளக் காணோமே, அப்படி என்னதான் சண்டையோ என்று எனக்கு ஒரே விசாரம். “இலை போட்டாச்சுன்னு பெரியப்பாகிட்டச் சொல்லிட்டு வா” என்று பெரியம்மா அடுக்களையிலிருந்து என்னை அனுப்புவாள். “மோர் போதும்னு சொல்லு” என்று பெரியப்பா முன்கூடமான பட்டாசாலையிலிருந்து திருப்பி அனுப்புவார். நடுவில் பத்தடி தூரம்கூட இராது. சம்பளமில்லாத தபால்காரியாக நான் ஓடிக்கொண்டிருப்பேன்.

தென்காசியில் சிற்றாற்றுக்குப் போகிற தெருவில் எங்கள் வீடு. மொத்தம் பதினான்கு பேர். எல்லோருக்கும் மேலே அத்தை. என் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் மூத்த அக்காள். இருபது வயதிலேயே புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்து, தாயில்லாத தம்பிகள் இரண்டு பேரையும் இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவள் எதிரில் எந்தத் தம்பியும் பெண்டாட்டியிடம் வாய் திறந்து பேசியது கிடையாது. என் அப்பாவும் அம்மாவும் மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்பீர்கள். அவர்களுக்காவது ஓர் அறை இருந்தது. நடுவில் படுத்திருக்கும் என் காதில் அவர்கள் குசுகுசுப்பு விழும். பெரியப்பாவுக்குக் கட்டில் பட்டாசாலையில். பெரியம்மாவுக்குப் பாய் அத்தையின் பக்கத்தில். பிள்ளையில்லாதவர்களுக்குத் தனி அறை எதற்கு என்று யாரோ எப்போதோ முடிவு கட்டிவிட்டார்கள்.

பெரியம்மா பெரியப்பாவின் பெயரையும் சொல்ல மாட்டாள். அது எந்த வீட்டிலும் இல்லாததல்ல. ஆனால் அதே பெயருள்ள பலசரக்குக் கடைக்காரரைக்கூட அவள் ‘முக்குக் கடைக்காரர்’ என்றுதான் சொல்லுவாள். ஏன் அத்தை, பேரைச் சொல்லப்பிடாது என்று ஒரு நாள் நான் கேட்டுவைத்தேன். அத்தை கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

“புருசன் பேரச் சொன்னா அவிய ஆயுசு குறையும்ட்டி. உங்க மாமாவ ஆஸ்பத்திரியில போட்டிருந்தப்ப, டாக்டரு அவிய பேரக் கேட்டாரு. பக்கத்துல சொல்ல ஆளில்ல. நானே என் வாயால சொல்லிட்டேன். மூணு நாளுதான்.”

இதற்கு மேல் எனக்கு அத்தாட்சி வேண்டுமா என்ன?

பெரியப்பாவுக்குச் செங்கோட்டை மரக்கிட்டங்கியில் வேலை. அப்போது செங்கோட்டை திருவாங்கூர் ராஜாவின் சீமை. மலைக்கு அந்தப் பக்கமிருந்து ரயிலில் மரம் வரும். ஒரு தடவை மரத்தோடு மரமாக ஓர் ஓட்டை வள்ளமும் வந்து சேர்ந்தது. அடிப்பலகை இற்றுப்போய், விறகுக்குத்தான் லாயக்கு என்று ஒதுக்கிக் கிடந்ததைப் பெரியப்பா வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். தெருவே சிரித்தது. “ஆத்துல முங்கிக் குளிக்கவே சாரல் அடிக்கணும். இவரு கப்பல் விடப் போறாராம்லே!” என்று முக்குக் கடையில் பேசிக்கொண்டார்கள். அத்தையோ தலையில் அடித்துக்கொண்டாள்.

பெரியப்பா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீட்டுக்குப் பின்னால் வைக்கோல் படப்புப் பக்கம் அதைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு மல்லுக்கட்டினார். ஆசாரி வந்து புதுப் பலகை சேர்த்தார். ஆணி கிடையாது, பலகைக்குப் பலகை துளை போட்டுத் தேங்காய்க் கயிற்றால் தைப்பது. இடுக்கிலெல்லாம் தேங்காய்ப் பஞ்சை அடைத்து மேலே முந்திரிக்கொட்டை எண்ணெயைப் பூசினார். நாற்றம் குடலைப் பிடுங்கும். பெரியம்மா சாம்பல் கொட்டுகிற சாக்கில் அந்தப் பக்கம் வருவாள். அவள் கொல்லத்துக்காரி, காயல் கரையில் பிறந்தவள். ஒரு பார்வை பார்த்துவிட்டு என் காதில் சொல்லுவாள்: “மூணாவது தையல் இறுக்கம் பத்தாதுன்னு சொல்லு.” நான் போய்ச் சொல்லுவேன். பெரியப்பா நிமிர்ந்து பார்க்காமல் மூன்றாவது தையலைப் பிரித்து மறுபடியும் இறுக்குவார்.

ஆடிச் சாரலில் குற்றாலத் தண்ணீர் ஆற்றில் புரண்டு வந்தது. எங்கள் தெருவுக்கு நேரே ஆற்றில் ஓர் அணை உண்டு. அணைக்கு மேற்கே ஒரு மைல் தூரத்துக்குத் தண்ணீர் அகலமாகத் தேங்கி நிற்கும். அந்தத் தேக்கத்தின் மேல்கோடியில் ஒரு சாஸ்தா கோயில். புருஷனும் பெண்டாட்டியும் தண்ணீர் வழியாகவே வந்து பொங்கல் வைத்தால் பிள்ளை பிறக்கும் என்று தனக்குச் சொப்பனம் வந்ததாகப் பெரியப்பா அத்தையிடம் சொன்னார். வந்ததா இல்லையா என்பது சாஸ்தாவுக்கே வெளிச்சம்.

அத்தை இரண்டு நாள் யோசித்தாள். “புருசனும் பொண்டாட்டியும் தனியா ஆத்துல போனா ஊரு என்னத்தச் சொல்லும்? இவளையும் கூட்டிட்டுப் போ” என்று என்னைப் பிடித்து முன்னால் தள்ளினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் காலையை எப்படிச் சொல்ல! பெரியப்பா மூங்கில் கழியை ஊன்றித் தள்ளினார். படித்துறை எங்களை விட்டு நகர்ந்து போயிற்று. சத்தமே இல்லை. தினம் பார்க்கிற ஆறுதான், தினம் குளிக்கிற துறைதான். ஆனால் தண்ணீரின் நடுவிலிருந்து பார்த்தபோது அது யாரோ ராஜாவின் ஊர் மாதிரி இருந்தது. துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் துணியை ஓங்கிய கையோடு அப்படியே நின்றார்கள். தென்னைகளுக்குப் பின்னால் பிளந்துபோன பெரிய கோபுரம் மொட்டையாக நின்றது. எதிரே மலை முழுக்க மேகம். மேகம் விலகியபோது பாறையில் வெள்ளைக் கோடாக அருவி தெரிந்தது. பூந்தூறல் விழுந்துகொண்டே இருந்தது. நான் திறந்த வாயை மூடவில்லை. ஆத்தாடி, இவ்வளவும் இங்கேயேதான் இருந்ததா!

படித்துறை மறைந்ததும் பெரியப்பா கேட்டார்: “பயமா இருக்கா?”

நான் வழக்கப்படி பெரியம்மா பக்கம் திரும்பி, “பயமா இருக்கான்னு பெரியப்பா கேக்காவ” என்றேன்.

பெரியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். “நீ சும்மா இருட்டி. எனக்குக் காது கேக்கும்” என்று சொல்லிவிட்டு, பெரியப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். “காயல்ல பிறந்தவளுக்கு இந்தத் தண்ணி ஒரு பயமா?” என்றாள்.

பழம் விட்டுவிட்டார்கள்! அதற்கப்புறம் அவர்கள் வாய் ஓயவில்லை. என்ன பேசினார்கள் தெரியுமா? ஒன்றுமேயில்லை. ரயிலில் மத்தியானச் சோறு ஆறிப்போய்விடுகிறதா, கட்டிலில் மூட்டைப்பூச்சி கடிக்கிறதா என்று அவள் கேட்டாள். கொல்லத்தில் அவள் தங்கச்சிக்கு எத்தனை பிள்ளைகள் என்று அவர் கேட்டார். அம்மா அப்பா பேசுவதைக் கேட்டால் எனக்குத் தூக்கம் வரும். இதைக் கேட்கக் கேட்க விழிப்பாக இருந்தது.

“போன வருசம் எனக்குப் பல்வலி வந்துது. ஆறு நாளு” என்றாள் பெரியம்மா.

பெரியப்பா கழியை அப்படியே நிறுத்திவிட்டார். “எனக்குத் தெரியாதே.”

“யாரு சொல்லுவா?” என்றாள். வருத்தமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

சாஸ்தாவுக்குப் பொங்கலிட்டு, சாப்பிட்டு, திரும்பும்போது வள்ளத்தில் சும்மா கிடந்த துடுப்பைப் பெரியம்மா கையில் எடுத்துக்கொண்டாள். வீட்டில் குனிந்த தலை நிமிராதவள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்கோடியில் உட்கார்ந்து வள்ளத்தைத் திருப்பிய திருப்பில் நான் மலைத்துப் போனேன். இனி சாரல் ஓய்கிற வரை ஞாயிறுதோறும் வரவேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். அடுத்த தரம் எனக்குப் பொரிவிளங்காய் உருண்டை கொண்டுவருவதாகவும் ஒப்பந்தம்.

அதற்குள் மலையில் நல்ல மழை போலிருக்கிறது. தண்ணீர் செம்மண் நிறமாகி வேகம் எடுத்துவிட்டது. படித்துறையை நெருங்கும்போது வள்ளம் அங்கே நிற்காமல் அணையைப் பார்த்து ஓடிற்று. அணைக்கு மேலே தண்ணீர் வழிந்து பாறையில் விழுகிற இரைச்சல் காதை அடைத்தது. பெரியப்பா எழுந்து நின்று முழு பலத்தோடு கழியை ஊன்றினார். கழி சகதியில் போய்ச் சொருகிக்கொண்டது. அவர் கழியை விடவில்லை. வள்ளம் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. நடு ஆற்றில் மூங்கிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பெரியப்பா தொங்கினார். அவருக்கு நீச்சல் அரைகுறை.

பெரியம்மா கத்தவில்லை. துடுப்பை நாலு தரம் வலித்து வள்ளத்தைக் கரையோர நாணலுக்குள் செருகினாள். “நாணலப் பிடிச்சுக்கோ. கை அறுத்தாலும் விடாத” என்றாள் என்னிடம். நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவள் துடுப்பை நீளமாக ஆற்றுக்குள் நீட்டினாள். அப்புறம்தான் அது நடந்தது. பெரியம்மா பெரியப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

“கம்ப விடு! தண்ணி உன்ன இங்கன கொண்டாந்து விடும். விடு!”

விடுங்கள்கூட இல்லை, விடு! அவர் விடவில்லை. இரண்டாம் தரமும் பெயர். மூன்றாம் தரம் அவள் கூப்பிட்ட குரல் அணையின் இரைச்சலுக்கு மேலே கேட்டது. இந்த வயதிலும் அந்தப் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. பெரியப்பா கழியை விட்டார். சொன்னபடியே தண்ணீர் அவரைக் கொண்டுவந்து சேர்த்தது. துடுப்பைப் பிடித்தவரைத் தோளைப் பற்றி உள்ளே இழுத்துப் போட்டாள்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மூச்சு வாங்கினார்கள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார்கள். பெரியப்பா முகத்தை வழித்துக்கொண்டு, “என்ன சொல்லிக் கூப்பிட்டே?” என்றார். பெரியம்மா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இன்னொரு தரம் சொல்லு” என்றார் அவர்.

எனக்குப் பகீரென்றது. ஆயுசைக் குறைக்கச் சொல்லி எந்த மனுஷனாவது கேட்பானா! பெரியம்மா என் பக்கம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

கரையேறும்போது பெரியப்பா என்னிடம், “நான் தண்ணியில விழுந்தத அத்தைகிட்டச் சொல்லப்பிடாது, என்ன?” என்றார். சத்தியம் செய்தேன். தூறலில் எல்லோருமே நனைந்திருந்ததால் வீட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

விளக்கேற்றும் நேரத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமாவுக்கு ஒரு தரம் சொன்னதற்கே மூன்று நாள். பெரியப்பாவுக்கு? விரல் விட்டு எண்ணிப் பார்த்தால் நாளைக்கே ஆகிவிடும் போலிருந்தது. “என்னட்டி முழிக்கே?” என்று அத்தை கேட்டதும் ஓவென்று அழுதுவிட்டேன்.

“பெரியப்பா செத்துப் போயிருவாவளா அத்தை? பெரியம்மா பேரச் சொல்லிட்டா.”

தண்ணீரில் விழுந்ததை மட்டும் நான் சொல்லவே இல்லை. கொடுத்த வாக்கை அணுவளவும் மீறாமல் காப்பாற்றினேன்.

அத்தை என் தோளைப் பிடித்தாள். “எத்தன தரம்?”

“மூணு.”

அவள் பெரியம்மாவை ஏசப் போகிறாள் என்று நினைத்தேன். ஏசவில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அத்தை அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு எழுந்து தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரச் சேலையோடு விளக்கு முன்னால் நின்றாள். ஒரு மண்டலம் ஒரு வேளைச் சோறுதான், என் தம்பி நூறு வயசு இருக்கணும் என்று வேண்டிக்கொண்டாள். பெரியப்பாவைக் கூப்பிட்டு அவர் கையை எடுத்துத் தன் தலையில் வைத்தாள். “இனி அவளக் கூட்டிக்கிட்டு அந்த வள்ளத்துல ஏற மாட்டேன்னு சத்தியம் பண்ணு. நான் ஒருத்தரப் பேரச் சொல்லிக் கொன்னது போதும்” என்றாள்.

பெரியப்பா அடுக்களை வாசலைப் பார்த்தார். அங்கே பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். தன்னை இடுப்பில் சுமந்தவளின் தலையில் இருந்த கையை எடுக்க அவரால் முடியவில்லை. சத்தியம் பண்ணினார்.

மறுநாள் காலையில் வள்ளத்தை ஆட்கள் தூக்கிவந்து படப்புப் பக்கம் கவிழ்த்தார்கள். பெரியப்பா வேலைக்குப் போகவில்லை. கவிழ்ந்த வள்ளத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். எனக்கானால் மனசு லேசாகி, பறக்கலாம் போலிருந்தது. ஒரு உயிரைக் காப்பாற்றியவள் அல்லவா! அவருக்கு அது தெரியாதே என்று சொல்ல ஓடினேன்.

“இனி உங்களுக்கு ஒண்ணும் ஆகாது பெரியப்பா. அத்தை நேர்ந்துகிட்டா. நூறு வயசு வரைக்கும் இங்கனதான் இருப்பீயளாம்.”

பெரியப்பா என் தலையைத் தடவினார்.

“நூறா?” என்றார். அடுக்களைப் பக்கம் பார்த்துவிட்டு, “அம்புட்டு நாளா?” என்றார்.

சந்தோஷத்தில்தான் அப்படிக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.