கொம்பன் விழுந்த பிறகு

வெல்டா டன்னெலின் கோவேறு கழுதைகளுக்கு இருபது வருஷத்துக்கும் மேலாக நான்தான் லாடம் அடிக்கிறேன். இங்கே சால்மன் ஆற்றுப் பக்கம் வேட்டைக்கு ஆள் கூட்டிப்போகிற குடும்பங்கள் நிறைய. எல்லா வீட்டுக் கொட்டிலுக்கும் நான் போவேன். கழுதையின் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருக்கிறவனை யாரும் ஒரு ஆளாக நினைப்பதில்லை. அதனால் எல்லாவற்றையும் பேசிவிடுவார்கள்.

வெல்டா மரம் அறுக்கிறவர் வீட்டுப் பெண். பத்தொன்பது வயதில் ராய்ஸ் டன்னெலைக் கட்டினாள். ராய்ஸுக்கு அப்போது நாலு குதிரை, ஏழு கோவேறு கழுதை, ஒரு கித்தான் கூடாரம், தகர அடுப்பு ஒன்று. ப்ளம் ஓடைக்கு மேலே அவனுடைய முகாம். தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து குதிரையில் முழுசாக ஒன்றரை நாள். கல்யாணம் ஆன அந்த அக்டோபரிலேயே அவளைச் சமைக்கவும் பொதி கட்டவும் மலைக்குக் கூட்டிப்போய்விட்டான்.

பொதி கட்டுவதில் அவளைப் போல ஆள் இந்தப் பள்ளத்தாக்கில் இல்லை. இரண்டு பக்கப் பெட்டியையும் தராசில் தொங்கவிட்டுப் பார்ப்பாள். ஒரு பக்கம் கொஞ்சம் கூடினாலும் பிரித்து மறுபடி கட்டுவாள். பக்கபாரம் சரிந்தால் கழுதையின் முதுகு புண்ணாகும், குறுகலான பாதையில் கழுதையே பள்ளத்தில் போய்விடும். அவள் கட்டிய முடிச்சு மழையில் நனைந்தாலும் அவிழாது, ஆனால் ஒரு இழுப்பில் வந்துவிடும். ராய்ஸ் ஒருநாள் கூட அதைப் பாராட்டியதில்லை. "பொதி நின்னுச்சுன்னா சரி, அதுக்கு ஆரத்தி எடுக்கணுமா?" என்பான்.

கட்டின மூன்றாம் வருஷம் வெல்டாவுக்கு ஐந்து மாசம். ராய்ஸ் அவளை விட்டுவிட்டுப் போகவில்லை, சமைக்க வேறு ஆள் கிடைக்கவில்லை. அந்த வாரம் முகாமில் இருந்தவர் டல்லாஸிலிருந்து வேட்டைக்கு வந்த ஒரு பல் டாக்டர். மேல்முகட்டில் ஒரு பெரிய எல்க் கொம்பன், குதிரை உயரத்துக்குக் கிளைக்கொம்பு வைத்த ஆண் மான், கத்துவது தினமும் காலையில் கேட்டது. அந்தச் சமயத்தில்தான் வெல்டாவுக்கு உதிரம் பட ஆரம்பித்தது.

"ராய்ஸ், என்னைக் கீழ கூட்டிட்டுப் போ. எனக்கு பயமா இருக்கு."

ராய்ஸ் பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. "படுத்துக்க. எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதான். கொம்பன் விழுந்ததும் கிளம்பிடலாம்."

கொம்பன் மூன்றாம் நாள் விழுந்தது. அதற்கு முந்தின நாள் மத்தியானமே, அவர்கள் முகட்டில் இருக்கும்போது, கூடாரத்தில் தனியாகக் கிடந்தவளுக்குக் குழந்தை விழுந்துவிட்டது. முகாமில் மண்வெட்டி ஒன்றே ஒன்றுதான், கக்கூஸ் குழி தோண்ட வைத்திருந்தது. அதைக் கொண்டுதான் அவளே தோண்டினாள். இறங்கும்போது கழுதைகள் முழுக்க இறைச்சியும் கொம்பும். அவளுக்கு அவள் குதிரை. பல் டாக்டரிடம் ராய்ஸ், "சமையக்காரிக்கு வயித்துக் கடுப்பு" என்று சொன்னானாம். இனிமேல் பிள்ளை தங்காது என்று ஊர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பல் டாக்டருக்கு எதுவும் தெரியாது. கிறிஸ்துமஸ் தோறும் கார்டு அனுப்புவார். சுவரில் மாட்டிய கொம்பனின் தலை, அதற்குக் கீழே அவர் பேரப்பிள்ளைகள். ராய்ஸ் அதைக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டி வைப்பான். ஜனவரி முடிகிறவரை அது அங்கேயே இருக்கும்.

அவள் ஏன் விட்டுப் போகவில்லை என்று நான் கேட்டதில்லை. ஒருதரம் அவளாகவே சொன்னாள்: "கழுதைங்களை அவன்கிட்ட விட்டுட்டுப் போக முடியுமா?"

பிறகு பதினாலு பதினைந்து வருஷம் ஓடியிருக்கும். ஒஹாயோவிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்கள். அண்ணன் கென்ட், இரும்புக் கடைக்காரன், வாயாடி. தம்பி டக், பள்ளிக்கூட வாத்தியார். கடையில் இருந்ததையெல்லாம் வாங்கி வந்திருந்தார்கள். ரெண்டு துப்பாக்கி, மூணு தொலைநோக்கி, மடக்கு நாற்காலி, காற்றடிக்கிற தலையணை. மழைச்சட்டை மட்டும் இல்லை. வெல்டா பாதியை ரோட்டிலேயே வண்டிக்குள் பூட்டிவிட்டு, தன் பழைய மழைச்சட்டைகளைக் கொடுத்தாள்.

முகாமுக்குப் போய் இரண்டாம் நாள் காலை. பாதையில் பனி உறைந்திருந்தது. ராய்ஸின் குதிரை சறுக்கி அவன் மேலேயே புரண்டது. குதிரை எழுந்து நின்றுவிட்டது. ராய்ஸ் எழவில்லை. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது.

கூடாரத்துக்குத் தூக்கி வந்தார்கள். வெல்டா பொதிச்சேணத்தின் பலகையை உடைத்து இரண்டு பக்கமும் வைத்து, வார்ப்பட்டையால் கட்டினாள். விஸ்கி கொடுத்தாள். கட்டு ரொம்ப நன்றாக இருந்தது என்று டக் பிறகு என்னிடம் சொன்னார்.

"இப்பவே கிளம்பிரலாம். என்னைக் கழுதைல வச்சுக் கட்டு" என்றான் ராய்ஸ். முகம் மாவு மாதிரி இருந்தது.

வெல்டா கையைத் துடைத்தாள். "படுத்துக்க. கொம்பன் விழுந்ததும் கிளம்பிடலாம்."

கென்ட் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துவிட்டான். அவள் துப்பாக்கியை உறையோடு எடுத்துத் தோளில் போட்டபோதுதான் சிரிப்பு நின்றது.

"அம்மா, இதென்ன பேச்சு?" என்றார் டக். "நான் வேணா குதிரைல போய் ஆளைக் கூட்டிட்டு வரேன். ரோட்டுக்குப் போய்ட்டா போன் பண்ணிரலாம். ஹெலிகாப்டர் வருமே!"

"வழி தெரியுமா உங்களுக்கு? ரெண்டு இடத்துல பாதை பிரியுது. தப்பா இறங்குனீங்கன்னா உங்களைத் தேட ஒரு கூட்டம் வரணும்." பிறகு ராய்ஸைப் பார்த்துச் சொன்னாள்: "காசு கட்டி வந்திருக்காங்க, ராய்ஸ். சும்மா அனுப்ப முடியுமா?"

ராய்ஸ் கெட்ட வார்த்தையில் திட்டினான். அவள் அடுப்புக்கு விறகு போட்டு, கை எட்டுகிற தூரத்தில் தண்ணீரும் ரொட்டியும் வைத்துவிட்டு வெளியே வந்தாள். டக் அவனோடு இருந்துகொள்கிறேன் என்றார். "இருங்க" என்று சொல்லிவிட்டு, கென்டைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று கிடைக்கவில்லை. மறுநாள் காலை, ஓடைக்கு மேல் தேவதாருக்களுக்குள் ஒரு கொம்பன் கத்தியது. வெல்டா ஊதுகுழலில் பெண் எல்க் மாதிரி கூப்பிட்டாள். அது எதிரே வந்து நின்றது. கென்ட் அவசரப்பட்டு வயிற்றில் சுட்டுவிட்டான். மத்தியானம் வரை ரத்தத்தைப் பார்த்துப் பார்த்துப் போனார்கள். ஒரு விழுந்த மரத்தடியில் அது படுத்திருந்தது, உயிரோடு. கென்ட் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டான். வெல்டாதான் பக்கத்தில் போய்க் காதுக்குப் பின்னால் சுட்டாள்.

அதற்குப் பிறகும் அவள் அவசரப்படவில்லை. தோலை ஒரு கீறல் இல்லாமல் உரித்தாள். நாலு கூறாக்கித் துணிப்பையில் கட்டி நிழலில் தொங்கவிட்டாள். கத்தியைத் தீட்டித் தீட்டித் தலையைத் தனியே எடுத்தாள். "மேடம், ராய்ஸ் அங்க..." என்று கென்ட் ஒருதரம் வாயெடுத்தான். "இறைச்சி ஆறணும். சூட்டோட கட்டினா கெட்டுப்போயிரும்" என்றாள். ஓடையில் முழங்கை வரை கழுவினாள்.

அவர்கள் திரும்பியபோது ராய்ஸுக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. காலில் நாற்றம். டக் கூடாரத்துக்கு வெளியே கல்லில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். மறுநாள் விடிந்து பொதி கட்டும்போது ராய்ஸ் உள்ளேயிருந்து அலறினான். அவள் தராசில் பெட்டிகளைத் தூக்கிப் பார்த்து, ஒரு பக்கம் கூடுகிறது என்று பிரித்து மறுபடி கட்டினாள். இறைச்சி, தலை, கொம்பு எல்லாம் ஏறிய பிறகுதான் அவனை ஏற்றினாள். ஒன்றரை நாள் வழி. ஒவ்வொரு இறக்கத்திலும் அவன் கத்தினான். முன்னால் போன வெல்டா ஒருதரம் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அவனுக்கு நினைவு தெளிகிறவரை வெல்டா கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தாள். அவன் தன்னை அடிக்கக் கையோங்க வேண்டும், போலீஸைக் கூப்பிட வேண்டும் என்று காத்திருந்தாளாம். இதை அவளே என்னிடம் சொன்னாள், மார்ச் மாசம், ஜூடித் என்கிற கழுதைக்கு நான் குளம்பு சீவிக்கொண்டிருந்தபோது.

"நான் ஏன் அப்படிப் பண்ணேன்னு தெரியுதா?" என்று அவனைக் கேட்டிருக்கிறாள்.

"கொம்பனுக்காக."

"பல் டாக்டர் வந்த வருஷம் ஞாபகம் இருக்கா?"

ராய்ஸ் கொஞ்ச நேரம் யோசித்தான். "அதுவா! எப்படிப்பட்ட கொம்பு! அதுக்கப்புறம் அந்த மாதிரி ஒண்ணு நம்ம பக்கம் விழவேயில்லையே." பிறகு அவள் கையைத் தட்டிக்கொடுத்தானாம். "நீ பண்ணதுல தப்பில்லடி. நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணிருப்பேன். இத்தனை வருஷத்துல இப்பதான் நீ தொழில் கத்துக்கிட்ட."

"கையைத் தட்டிக்கொடுத்தான்" என்றாள் வெல்டா என்னிடம். "இத்தனை வருஷத்துல முதல் தடவையா." ஜூடித்தின் கழுத்துக் கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் அடுத்த குளம்பைத் தூக்கினேன்.

அந்த வருஷத்திலிருந்து வேட்டைக்கு வெல்டாதான் கூட்டிப்போகிறாள். ராய்ஸ் மரக்கால் போட்டுக்கொண்டு கொட்டில் வாசலில் உட்கார்ந்து சேணம் தைக்கிறான். வருகிற ஒவ்வொருவரிடமும் கதையைச் சொல்லிவிடுகிறான். "எலும்பு வெளிய நிக்குது, நான் கத்துறேன், இவ என்னடான்னா துப்பாக்கியைத் தூக்கிட்டுப் போறா! இப்படி ஒரு வழிகாட்டி உங்களுக்கு எங்க கிடைக்கும்?" சிரித்துச் சிரித்து இருமுவான். அதைக் கேட்டவர்கள் ஊருக்குப் போய் நண்பர்களிடம் சொல்கிறார்கள். இப்போது இரண்டு வருஷம் முன்கூட்டியே பதிவு செய்தால்தான் இடம். கென்ட் நாலு தரம் வந்துவிட்டான். டக் வரவில்லை.

போன செப்டம்பரில் நான் அங்கே இருந்தபோது புதுசாக வந்த ஒருத்தன், மினசோட்டாக்காரன், தன் மூட்டையை அவள் முன்னால் கொட்டிக்கொண்டிருந்தான். கோடரி மூன்று, சோப்பு ஒரு டப்பா. அவள் ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளிவைத்தாள்.

"மேடம், அவர் சொல்றது நிஜமா?" என்றான். "அவரை அப்படியே விட்டுட்டுப் போய்ட்டீங்களா?"

"நிஜம்தான். கம்பளிக் காலுறை இன்னும் ரெண்டு ஜோடி எடுத்துக்கோங்க."

வாசலில் ராய்ஸ் பெருமையோடு தொடையில் தட்டிச் சிரித்தான். வந்தவனும் சிரித்தான். வெல்டா தராசைத் தூக்கிக்கொண்டு கழுதைகளிடம் போனாள்.