சேலைன் போத்தல் கட்டிய கார்

குளம் வற்றினால் சந்தோஷப்படுகிற மனிதர்கள் உலகத்தில் அதிகம் இருக்க மாட்டார்கள். கொழும்பில் நாங்கள் பத்துப் பேர் அப்படி இருந்தோம். மாதச் சம்பளம் வாங்குகிற, வீட்டில் பேச்சு வாங்குகிற சாதாரண ஆட்கள்தான். ஆனால் ஆவணி மாதம் வந்து, புத்தளம் பக்கத்துக் குளங்கள் காய்ந்துவிட்டன என்று கேள்விப்பட்டால் எங்களுக்கு இருப்புக்கொள்ளாது. வற்றிய குளத்தின் நடுப்பகுதி சிமெந்துத் தரைபோல இறுகிக் கிடக்கும். அதில் பழைய கார்களைக் கொண்டுபோய் ஓட்டி, யாருடையது வேகம் என்று பார்ப்பதுதான் எங்களுடைய பைத்தியம். ஒவ்வொரு காராகத்தான் ஓடவேண்டும். சேர்ந்து ஓடினால் முன்னால் போகிறவன் கிளப்பும் புழுதியில் பின்னால் வருகிறவனுக்குக் கண் தெரியாது. இந்த முனையில் ஒருவர் கொடியோடு நிற்பார், அந்த முனையில் ஒருவர் ஸ்டொப்வொச்சோடு நிற்பார். பரிசு எதுவும் கிடையாது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. என் மகளுக்கு இதைச் சொன்னால் முகத்தைச் சுளிக்கிறாள். சண்டை நடக்கும்போது நீங்கள் கார் ஓடி விளையாடினீர்களா என்று கேட்கிறாள். விளையாடினோம்தான். நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. வீதியில் ஜீப் சத்தம் கேட்டால் விளக்கை அணைப்பேன், கதவு தட்டினால் அம்மாவைத்தான் அனுப்புவேன். அப்படிப்பட்டவனுக்கு அரை நிமிடம் எதற்கும் பயப்படாமல் பறப்பது எவ்வளவு பெரிய விடயம் என்று அவளுக்கு விளங்கப்போவதில்லை. விளங்காமல் இருப்பதே நல்லது.

அந்தப் பத்துப் பேரில் தமிழர்கள் இரண்டு பேர்தான். நான் வெள்ளவத்தை. காப்புறுதிக் கம்பனி ஒன்றில் கிளார்க். பிறந்ததும் வளர்ந்ததும் கொழும்பு என்பதால் சிங்களம் தண்ணீர்பட்டபாடு. மற்றவன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். வெளிநாடு போவதற்கென்று வந்து, போக வழியில்லாமல் கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கி, பக்கத்துக் கராஜில் மெக்கானிக்காக வேலை செய்தான். என்னுடைய வயதுதான். சிங்களத்தில் அவனுக்குத் தெரிந்தது ‘ஹரி, ஹரி’, அதாவது ‘சரி, சரி’ மட்டும். இராணுவ செக் பொயின்ட்டில் இருவருக்கும் சேர்த்து நான் கதைப்பேன். கார் நின்றால் இருவருக்கும் சேர்த்து அவன் பார்ப்பான். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. நான் இல்லாவிட்டால் இவன் கொழும்பில் ஒரு நாள் தாக்குப்பிடிப்பானா என்று நினைத்துக்கொள்வேன்.

கார் அப்பா விட்டுப்போன பழைய ஒஸ்டின். அதை அவன் தலைகீழாக மாற்றினான். பாரம் குறைய வேண்டும் என்று பின் சீற்றைக் கழற்றினான். முன்பக்கம் இலேசாக இருக்க வேண்டும் என்று நான்தான் எங்கோ படித்துவிட்டுச் சொன்னேன், பற்றறியை டிக்கிக்கு மாற்றச் சொல்லி. அங்கேயிருந்து எஞ்சின் வரைக்கும் தடித்த சிவப்பு வயர் ஒன்று காருக்குள்ளால் ஓடியது. எல்லாவற்றுக்கும் மேலாக, டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு சேலைன் போத்தல்.

அந்தப் போத்தல் யாழ்ப்பாணத்துப் பழக்கம். அங்கே பெற்றோலுக்குத் தடை. கார், மோட்டார் சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. குளிர்ந்து கிடக்கிற எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது. அதனால் சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோலை ஊற்றித் தொங்கவிட்டு, அதன் குழாயைக் காபரேட்டருக்குக் கொடுத்து, சில சொட்டு விட்டு ஸ்டார்ட் பண்ணுவார்கள். கொழும்பில் சந்திக்குச் சந்தி பெற்றோல் ஷெட் இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்டேன். எங்கள் காரின் பம்ப் பழசு, வெயிலில் நின்றால் காபரேட்டர் காய்ந்துபோகும், போத்தல் இருந்தால் ஒரே அடியில் பற்றும் என்றான். உண்மையும் அதுதான். குழாயிலுள்ள கிளிப்பைத் திறந்து ஐந்து வரை எண்ணி, மூடிவிட்டுத் திறப்பை, அதுதான் சாவியை, திருப்ப வேண்டும். எனக்கும் செய்யத் தெரியும். பத்துத் தரமாவது செய்திருப்பேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கமாகக் காரை ஒரு லொறியில் ஏற்றித்தான் கொண்டுபோவோம். அந்த வருடம் லொறி கிடைக்கவில்லை. என் அலுவலகத்துச் சிங்கள நண்பர்கள் தங்கள் காரை ஓட்டிக்கொண்டே போவதாகச் சொன்னார்கள். அதிலும் பின் சீற் இல்லை, எஞ்சினை மூடுகிற பொனற்கூட இல்லை. அவர்கள் போனால் நாங்களும் போகலாம் என்று எனக்குத் தோன்றியது பாருங்கள், அந்த மூளையை என்ன சொல்வது! அவர்கள் கார் கழற்றினால் அது விளையாட்டு. நாங்கள் கழற்றினால் அதற்குப் பேர் வேறு. முப்பது வருடம் கொழும்பில் இருந்த எனக்கு அது உறைக்கவில்லை.

காலையில் அம்மா இருவர் நெற்றியிலும் திருநீறு பூசிவிட்டார். களனிப் பாலத்து செக் பொயின்ட்டுக்குக் கிட்ட வரும்போது இருவரும் கைலேஞ்சியை எடுத்துத் திருநீற்றைத் துடைத்துக்கொண்டோம். அப்போது கொழும்புத் தமிழர் எல்லோரும் செய்கிற காரியம் அது. சட்டைப் பையில் அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, என் அலுவலகக் கடிதம் எல்லாம் தயாராக இருந்தன.

சிலாபம் தாண்டி ஒரு செக் பொயின்ட். நண்பர்களின் கார் எங்களுக்கு முன்னால் நின்றது. சிப்பாய் ஒருவன் அதைப் பார்த்துச் சிரித்து, பொனற் எங்கே என்று கேட்டுவிட்டுப் போகவிட்டான். அவர்கள் எங்களுக்குக் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்தது நாங்கள். அவன் குனிந்து உள்ளே பார்த்தான். முதலில் சிவப்பு வயரைப் பார்த்தான். பிறகு அது எங்கே போகிறது என்று பார்த்தான். பிறகு சேலைன் போத்தலைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்புப் போன வேகத்தை என்னால் இன்றைக்கும் மறக்க முடியாது. துவக்கை நிமிர்த்திக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தான், குண்டு, குண்டு என்று கத்திக்கொண்டே.

அடுத்த சில நிமிடங்களில் எங்களை வெளியே இழுத்து, சட்டையைக் கழற்றி, வீதிக்கரையில் முழங்காலில் இருத்தினார்கள். பின்னால் நின்ற பஸ்ஸிலிருந்து சனங்களை இறக்கித் தூரத்துக்கு ஓட்டினார்கள். ஒரு பிள்ளை அழுதது கேட்டது. எனக்குச் சிறுநீர் போய்விட்டது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் போனது போனதுதான். நான் சிங்களத்தில் கொட்டினேன். ரேஸ் கார், குளம், பம்ப் பழசு, முன்னால் போனவர்கள் எங்கள் நண்பர்கள் என்று ஒன்றுக்குப் பின் ஒன்றாக. அவர்கள் அவனுடைய அடையாள அட்டையை எடுத்தார்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணம். அதற்குப் பிறகு நான் சொன்ன எதுவும் யார் காதிலும் ஏறவில்லை.

அவர்களுடைய அதிகாரி வந்தார். நாற்பது வயதிருக்கும். கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. காரைத் தூரத்திலிருந்தே பார்த்தார். ஸ்டார்ட் பண்ணத்தான் அந்தப் போத்தல் என்கிறீர்கள், அப்படியானால் ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்கள் என்றார். பற்றினால் போகலாம். எல்லோரையும் மண்மூட்டைகளுக்குப் பின்னால் போகச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“கார் யாருடையது?”

என்னுடையது. வேறு யார் போவது? முப்பது கஜ தூரம் நடந்து, கிளிப்பைத் திறந்து, ஐந்து எண்ணி, மூடி, திறப்பைத் திருப்ப வேண்டும். காலையில் வெள்ளவத்தையில் என் கையால்தான் அதைச் செய்தேன். ஆனால் எழும்பி நின்றபோது ஒரு நினைப்பு வந்தது. போன கிழமை இரண்டு நாள் கார் அவனுடைய கராஜில் நின்றது. அடிப்பக்கத்தில் ஏதோ ஒட்டுவேலை என்றான். நான் குனிந்து பார்க்கவில்லை. காலையிலிருந்து ஐம்பது மைலுக்கு மேல் ஓட்டி வந்த கார் அது, ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கணக்கெல்லாம் அப்போது வேலை செய்யவில்லை. இவனைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? எங்கேயோ இருந்து வந்தான், ஏன் இன்னும் வெளிநாடு போகவில்லை?

வெட்கமில்லாமல் எழுதுகிறேன். துவக்குப் பிடித்து நின்றவர்கள் அவனைப் பற்றி நினைத்ததையே நானும் நினைத்தேன். அவர்களுக்காவது அவனை முன்பின் தெரியாது. என் வீட்டில் சாப்பிட்டவன் அவன்.

“எனக்கு ஸ்டார்ட் பண்ணத் தெரியாது, சேர். இவனுக்குத்தான் தெரியும். போத்தல் பூட்டினதும் இவன்தான்.”

சிங்களத்தில்தான் சொன்னேன். அவனுக்கு விளங்காது என்று ஒரு நிம்மதிகூட இருந்தது. ஆனால் அதிகாரி அவனைப் பார்த்துக் கையைக் காட்டினார். என் கால் தானாகவே ஒரு அடி பின்னால் போனதை அவன் கண்டான். இதற்கு என்ன பாஷை வேண்டும்?

அவன் எழும்பினான். முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினான். என்னை ஒருமுறை பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு சட்டை இல்லாமல், கைகளை உயர்த்திக்கொண்டு, காரை நோக்கி நடந்தான். நான் மற்றவர்களோடு மண்மூட்டைக்குப் பின்னால் ஓடிப்போய்ப் படுத்தேன். காதைப் பொத்தினேன். உள்ளுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

ஒரே அடியில் பற்றியது.

சிப்பாய்களில் ஒருவன் சிரிக்கத் தொடங்கினான், பிறகு எல்லோரும். எவ்வளவு வேகம் போகும் என்று கேட்டார்கள். காரை மேலும் கீழும் குடைந்து பார்த்தார்கள். பெயர்களை எழுதிக்கொண்டு, இந்தப் போத்தலைக் கழற்றி எறியுங்கள் என்று அதிகாரி அறிவுரை சொல்லி அனுப்பினார்.

குளத்துக்குப் போகவில்லை. காரைத் திருப்பினோம். அவன்தான் ஓட்டினான். என்னால் முடியவில்லை, காற்சட்டை வேறு நனைந்திருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு மைல் கல்லிலும் நினைத்தேன். கேட்டால் நான் என்ன நினைத்தேன் என்பதையும் சொல்ல வேண்டி வரும். நீர்கொழும்பில் ஒரு தேத்தண்ணிக் கடையடியில் காரை நிற்பாட்டிவிட்டு அவன்தான் முதலில் கதைத்தான்.

“மச்சான், நானும் பயந்துபோனன். திறப்பைத் திருப்பேக்கை ஒருக்கா நினைச்சனான், நீ எனக்குத் தெரியாமல் இதுக்கை ஏதும் வச்சிருப்பியோ எண்டு.”

சொல்லிவிட்டு இறங்கிப்போய் இரண்டு தேத்தண்ணி சொன்னான், ஒன்றுக்குச் சீனி குறைத்து. எனக்கு அப்படித்தான் பிடிக்கும்.

அந்தக் காரில் ஒவ்வொரு வயரையும் இழுத்தது அவன். ஒவ்வொரு ஆணியையும் முடுக்கினது அவன். அவனுக்குத் தெரியாமல் நான் அதில் ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டியதில்லை. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் அந்தத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, ஓம் மச்சான், பயம் வந்தால் அப்படித்தான் நினைக்கத் தோன்றும் என்று அவனை மன்னித்தேன்.