கூடப் பிறந்த இன்ஜின்

சித்தப்பா என் தலையில் கை வைத்துப் பொய் சொன்னபோது நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். பொய் ஒரு கார் இன்ஜினைப் பற்றியது.

அந்தக் காரை எங்கள் தெருவில் பிளசர் என்பார்கள். வடக்கனந்தலில் ஒரு பண்ணை வீட்டில் ஓடி ஓய்ந்ததை அப்பாவின் தம்பியான சித்தப்பா சல்லிசாக வாங்கி வந்திருந்தார். தவளை முதுகு போல உருண்டையான கூரை. காலை வைத்து ஏற வெளியே ஒரு பலகை. அதில் வெள்ளிமலைக்கு ஆள் ஏற்றிப் பிழைத்தார். ஒருநாள் மலை வளைவில் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. மெக்கானிக் அதைக் கழற்றிவிட்டு, பழைய இரும்புக்கு உடைக்க வந்த ஏதோ ஒரு வேனின் இன்ஜினைப் பொருத்தினார். கழற்றியதைப் பார்க்க வந்த காயலாங்கடைக்காரர், தூக்கிப் போகிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று போய்விட்டார். அது மாட்டுக்கொட்டகை மூலையில் கிடந்தது. அம்மா அதன்மேல் கூடையை வைத்துக் கோழியை அடைக்கு உட்கார வைத்தாள்.

பிறகு மலைக்கு ஷேர் வேன்கள் வந்தன. பிளசரில் ஏற ஆளில்லை. அதை விற்றுவிட்டு, மரவள்ளிக் கிழங்கு ஏற்ற ஒரு லோடு வண்டி வாங்க வேண்டும் என்பது சித்தப்பாவின் திட்டம். விற்காவிட்டால் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தார். எனக்குத் தெரிந்து திருப்பூருக்குப் போன யாரும் பொங்கலுக்குத் தவிர முகம் காட்டியதில்லை. பொங்கலுக்கு மட்டும் வருகிற சித்தப்பா எனக்கு வேண்டாம்.

புதுச்சேரியிலிருந்து ஒரு பெரியவர் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. பழைய கார்களை வாங்கி வைத்துக்கொள்வது அவருக்கு ஆசையாம். இன்ஜின் மாற்றிய வண்டி என்று தெரிந்தால் தொடமாட்டார் என்று யாரோ சித்தப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். அவர் வருகிற அன்று காலையில் சித்தப்பா பழைய இன்ஜினிலிருந்து நம்பர் எழுதிய பித்தளைத் தகட்டைக் கழற்றிப் புதியதில் திருகினார். கோழி கொத்தாமல் நான் பிடித்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்றார். அந்த நிமிடத்திலிருந்து எனக்கு மூச்சே சரியாக வரவில்லை.

பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் காரில் ஏறினார். ஆர்.சி. புக்கோடு தகட்டை ஒத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. வண்டியைக் கிளப்பச் சொல்லித் தலையைச் சாய்த்துக் கேட்டார். சத்தம் சரியில்லையே, எங்கள் அப்பா வைத்திருந்த வண்டி இப்படிக் கத்தாதே என்றார்.

"மலையில ஓடின வண்டிங்க. தொண்ட கட்டிக்கினு கீது."

அவர் சிரித்தார். ஆனால் பணப்பையைத் தொடவில்லை. பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார்.

"அண்ணன் பொண்ணா? இது தலையில கைய வச்சி ஒரு வார்த்த சொல்லிடு தம்பி. வண்டிகூடப் பொறந்த இன்ஜின்தானே?"

விளையாட்டுக்குத்தான் கேட்டாரோ என்னவோ. சித்தப்பா ஒருமுறை கொட்டகைப் பக்கம் பார்த்தார். பிறகு அவர் கை என் தலைமேல் வந்து விழுந்தது, ஈரமாக.

"கூடப் பொறந்ததுதாங்க."

பொய்ச் சத்தியத்தில் தலைக்குரியவர் செத்துப்போவார் என்பது எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். பலப்பம் திருடவில்லை என்று ஆட்டுக்குட்டித் தலையில் அடித்துச் சொன்ன ஒருத்தியின் ஆடு அந்த மாதமே செத்தது. தீபாவளிக்கு வெட்டப்பட்ட ஆடு அது என்பதை நாங்கள் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

அடுப்படிக்கு ஓடினேன்.

"அம்மா, நான் செத்துப்பூடுவனா?"

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா இன்னாடி பேச்சு. காபி ஆறுது, எடுத்துக்கினு போய்க் குடு."

தம்ளரோடு நடந்தேன். சொன்னால் சித்தப்பா திருப்பூர் போய்விடுவார். சொல்லாவிட்டால் நான் போய்விடுவேன். வாசலுக்குப் போவதற்குள் ஒரு வழி தோன்றியது. பழைய இன்ஜினும் வண்டியோடு போய்விட்டால் சித்தப்பா சொன்னது பொய்யாகாதே. ஏழாவதோடு நின்றுபோன என் படிப்பில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு வேகமாக நான் கணக்குப் போட்டதில்லை.

காபியை நீட்டியபடி சொல்லிவிட்டேன்.

"சார், கூடப் பொறந்தது கொட்டாயில கீது. அது மேல கோழி அட காக்குது. அதையும் எடுத்துக்கினு போயிடுங்க சார்."

சித்தப்பா என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். பெரியவர் காபியைக் காரின் பலகையில் வைத்துவிட்டுக் கொட்டகைக்கு நடந்தார். நான் கூடையைத் தூக்கினேன். அவர் தன் கைக்குட்டையால் கோழி எச்சத்தைத் துடைத்தார். தகடு இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள். அதற்குக் கீழே இரும்பிலேயே அடித்த அதே நம்பர். அதை விரலால் தடவிப் படித்துவிட்டு அங்கேயே குந்திவிட்டார். ஏமாற்றப்பட்ட துக்கம் என்று நினைத்தேன்.

"இத ஏன்யா மறைச்சே? இது இல்லன்னா எனக்கு வண்டியே வேணாமே."

"ஓடாதுங்க அது."

"ஓட வேணாம்யா. இருந்தா போதும்."

கேட்ட விலைக்கே விற்றது. நாலு பேர் சேர்ந்து இன்ஜினைத் தூக்கி ஏற்றினார்கள். பெரியவர் சத்தியம் கேட்டதையே மறந்துவிட்டார் போல; போகும்போது என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். எனக்குப் பயம் விட்டது. பொய் நிஜமாகிவிட்டது, இனி எனக்குச் சாவு கிடையாது.

மறுநாள் விடியற்காலையில் சித்தப்பாவைக் காணோம். மத்தியானம் வந்தார், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு. அடுத்த வாரம் பெண் பார்க்கப் போக வேண்டியவர். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வண்டி விற்றதற்கு வேண்டுதலா என்று கேட்டதற்கு, ஆமாம் அண்ணி என்றார். எப்போது வேண்டிக்கொண்டார் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் மொட்டையைத் தடவிச் சிரித்தேன். அவர் தன் தலைச் சந்தனத்தை வழித்து என் உச்சியில் பூசினார். அதையும் விளையாட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு தினமும் பள்ளிக்கூடம் கிளம்பும்போது கூப்பிட்டு, தலை ஏதாவது வலிக்கிறதா என்று கேட்பார். இல்லை என்று ஓடிவிடுவேன். பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பிக்க வேண்டிய நாள் வந்தது. எனக்குப் பத்துக்கு மேல் வராது. அன்றைக்கும் கேட்டார்.

"வலிக்குது சித்தப்பா."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எச்சில் கையோடு என்னைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். சட்டை போடவில்லை. கள்ளக்குறிச்சி போய்ச் சேரும்வரை என் தலையை இரண்டு கையாலும் பிடித்தபடி, தண்ணீர்க் குடம் தளும்பாமல் பார்த்துக்கொள்வதுபோல உட்கார்ந்திருந்தார். உதடு மட்டும் அசைந்தது. பதினாறாம் வாய்ப்பாட்டிலிருந்து தப்பித்த சந்தோஷத்தில் நான் ஜன்னல் வழியாகக் கரும்பு லாரிகளை எண்ணிக்கொண்டு போனேன்.