எப்படியோ வந்து சேர்ந்த பிள்ளை

ராக்கம்மா திருடினாளாம்! யார் கண்டது? பத்மாவின் வளையல் பத்மா கையில்தான் கிடக்கிறது, போய்ப் பாருங்கள். ரவிசங்கர் விரட்டிவிட்டான் என்பதும் பொய். விசா புதுப்பிக்கிற தாளை அவன் நீட்டினான், ராக்கம்மா கைநாட்டு வைக்கமாட்டேன் என்றாள். அவ்வளவுதான். அமீரகத்துப் புஜைராவில் அவள் வேலை பார்த்த கட்டடம் முழுக்க ஆளுக்கொரு கதை கட்டுகிறார்கள். பொறாமைக்காரி என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்ளலாம். ஆனால் எதன்மேல் பொறாமை என்று தெரிந்துகொண்டு பேசுங்கள்.

பரமக்குடிப் பக்கத்திலிருந்து வீட்டுவேலைக்கு வந்தவள் ராக்கம்மா. பத்மாவும் ரவிசங்கரும் விடியுமுன்னே ஷார்ஜாவுக்கு டியூட்டிக்குக் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார்கள். அவர்கள் மகள் தாரிணியை ஆறு மாதக் குழந்தையாகக் கையில் வாங்கியவள் இவள்தான்.

இரண்டாயிரத்து எட்டு ஜனவரியில் அடித்ததே ஒரு மழை! மழையை நம்பிக் கட்டிய ஊரா அது? தண்ணீர் போக வழியில்லை. மலையிலிருந்து செந்தண்ணீர் இறங்கியது, கூடவே ஆலங்கட்டி. தாரிணிக்கு நாலு வயது. பள்ளிக்கூட வேன் ரவுண்டானாவுக்கு அப்பால் நின்றுவிட்டதாக டிரைவர் போன் செய்தான். ராக்கம்மா ஓடினாள். குடையைக் காற்று பத்தடியிலேயே பிடுங்கிக்கொண்டது. பிள்ளையைத் தோளில் போட்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தாள். பிள்ளை வீரிட்டது.

"பாக்காத தாயி, பயந்துக்குவ" என்று தன் கம்பளிச் சால்வையால் தலையோடு முகத்தையும் மூடிவிட்டாள். ஆலங்கட்டியெல்லாம் இவள் மண்டையில். கால்மணி நடை ஒரு மணி நேரம் இழுத்தது. தோளிலேயே பிள்ளை தூங்கிப்போனது.

கட்டடத்தில் கரண்ட் இல்லை, லிஃப்ட் இல்லை. மலைப்பாதையில் மாட்டிக்கிடந்த பத்மாவும் அந்த நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தாள். பிள்ளையை வாங்கி, சால்வையை விலக்கி, அழுதுகொண்டே மூன்று மாடி தூக்கி ஏறினாள். பிள்ளை கண் திறந்து பார்த்தது தாயின் முகத்தை.

அன்றிலிருந்து வானம் மூடினால் போதும், லீவு நாளான வெள்ளிக்கிழமையில் அக்கம்பக்கத்தார் அந்த வீட்டில் கூடிவிடுவார்கள். ராக்கம்மா பஜ்ஜி போடுவாள், பத்மா மழைக்கதை சொல்லுவாள்.

"வேன்லேருந்து எப்படியோ கொண்டுவந்து சேர்த்துட்டாங்க. அப்புறம் பாருங்க, கும்மிருட்டுல மூணு மாடி! எனக்கு உயிரே போயிடுச்சு."

'எப்படியோ' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் ராக்கம்மாவின் ஒரு மணி நேரம் முழுதும் முங்கிப்போகும். எண்ணெயோடு அவள் வயிறும் காயும்.

கீழ்வீட்டு ஹபீபுன்னிசாவிடம் ஒருநாள் கொட்டினாள். "மூணு மாடிக்கு உயிரு போச்சாம். நான் என்ன புள்ளையப் பல்லக்குலயா கொண்டாந்தேன்?"

"பெத்தவகூடப் போட்டி போடுறியாக்கா?"

"ஆமா, போடுறேன். அந்த ஒரு நாளு எனக்குப் பாத்தியப்பட்டது. அவுகளுக்கு மத்த நாளெல்லாம் இருக்குல்ல?"

அடுத்த வருஷக் குளிருக்குள் தாரிணி தானே கதை சொல்லக் கற்றுவிட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை தாய் வாயைத் திறக்குமுன் அவளே எழுந்து நின்று சொன்னாள்: "ஒரே தண்ணி! மம்மிதான் வேன்லேருந்து என்னைத் தூக்கிட்டு வந்தாங்க."

ராக்கம்மா தட்டைக் கீழே வைத்தாள். "வேன்லருந்து தூக்கியாந்தது நானு தாயி."

"நோ ராக்கு! நான் பார்த்தேன். மம்மிதான்."

எல்லோரும் சிரித்தார்கள். பத்மாவும் சிரித்தாள். "குழந்தை சொன்னதுக்கா மூஞ்சியத் தூக்கற? இரு, இன்னும் நாலு பஜ்ஜி போடு."

பிள்ளையிடம் பொய் இல்லையே! அது பார்த்ததைத்தான் சொன்னது. பார்க்கவிடாமல் மூடியவள் இவள். யாரைத் திட்டுவாள்? வயிற்றெரிச்சல் மட்டும் தணியவில்லை. அடுத்த வாரம் விசா தாள் வந்தபோது பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கிளம்புகிற அன்று வாசலில் பத்மாவுக்கு ஏதோ உறைத்திருக்கிறது. மகளை முன்னால் நிறுத்தினாள். "தாரிணி, அன்னிக்கு மழையில உன்னை..."

"விடுங்கம்மா. சொல்லிக்குடுத்து அது நம்ப வேணாம்" என்றாள் ராக்கம்மா.

"சொன்னாத்தானே அவளுக்குத் தெரியும்?"

"தெரிஞ்சு என்ன? அதுக்கு ஞாபகமா வரும்?"

தாரிணி இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். ராக்கம்மா அவள் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் சொடுக்கித் திருஷ்டி கழித்தாள், பையை எடுத்தாள், கதவைத் தாண்டினாள்.