சுருக்குப்பையில் இருந்த மாத்திரை

எனக்கு அடிக்கடி தலை சுற்றுகிறது என்று தெரிந்ததும் மகன் திருப்பூரிலிருந்து வந்துவிட்டான். திண்டுக்கல் வீட்டைப் பூட்டிவிட்டு அவனோடு வந்து இருக்கச் சொன்னான். குளிக்கப் போன இடத்தில் நான் சுவரைப் பிடித்து நின்றதைப் பக்கத்து வீட்டுக்காரி போனில் சொல்லியிருக்கிறாள். நின்றேன், விழவில்லை. அதை யாரும் காதில் வாங்கவில்லை. சொந்த வீடு இருக்க, மருமகள் அடுப்படியில் ஓரமாக நான் ஏன் உட்கார வேண்டும்?

"மொதல்ல மாத்திரையப் பாக்கச் சொல்லுவோம். அப்புறம் வாரேனா இல்லையான்னு சொல்றேன்" என்றேன்.

நாங்கள் மருந்து வாங்கும் கடையில் இருக்கிற மருந்தாளுநர் ஒரு பெண். வயசானவர்கள் சாப்பிடும் மாத்திரைகளை மொத்தமாகப் பரப்பி, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகுமா என்று பார்ப்பாள். அவள் முன்னால் மகன் மாத்திரைப் பையைக் கவிழ்த்தான். பிரஷருக்கு, சர்க்கரைக்கு, கால் வீக்கம் வடிய, தலைசுற்றலுக்கு. எல்லாம் டாக்டர் எழுதியது. எழுத்துக்கூட்டிப் பேரை வாசிக்க எனக்குப் பொழுது போதாது. நிறம் தெரியும். ஒருநாளும் மாற்றிப் போட்டதில்லை.

"கால் வீக்கம் எப்ப வந்துச்சு பாட்டி?"

"எவளுக்குப் பாட்டி? அம்மான்னு சொல்லு. பொங்கலுக்கு அப்புறந்தான்."

"சரிங்கம்மா. மூட்டு வலிக்கு என்ன போடுறீங்க?"

"அதுக்கு மருந்தெல்லாம் கிடையாது."

பேச்சு நீண்டதால் வெற்றிலை போடலாமென்று சுருக்குப்பையை அவிழ்த்தேன். பாக்கோடு சிவப்பு மாத்திரை ஒன்று மேஜையில் விழுந்தது.

"இது என்னம்மா?"

"வலிக்குப் போடுறது. பொட்டிக்கடையில வெத்தலையோட வாங்குவேன்."

"மருந்தே இல்லைன்னீங்க?"

"டாக்டர் எழுதினாத்தானே மருந்து?"

மகன் சிரித்துவிட்டான்.

"ஏலே, இதுல என்ன சிரிப்பு?"

அவள் சிரிக்கவில்லை. தினமும் போடுகிறேனா என்று கேட்டாள். காலையிலும் ராத்திரியிலும் என்றேன். அது உடம்பில் நீரைக் கட்டிக் காலை வீங்க வைக்குமாம், பிரஷரையும் ஏற்றுமாம். வீக்கத்துக்குப் போடும் மாத்திரை நீரை இறக்கும்போது தலை சுற்றலாமாம். இவை பிரஷர் மாத்திரையோடு சேர்ந்தால் கிட்னிக்கும் ஆகாதாம். அங்கிருந்தே டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் ரத்தம் பார்த்துவிட்டுச் சிவப்பை அடியோடு நிறுத்தினார். வீக்கம் வடிந்ததும் அதற்கான மாத்திரையையும், தலைசுற்றல் மாத்திரையையும் நிறுத்தினார்.

இப்போது தலை சுற்றுவதில்லை. மூட்டு வலி போகவில்லை. தைலம் தேய்த்துக்கொண்டு மெதுவாக நடக்கிறேன்.

போன வாரம் மகன் போனில், "அப்ப வரமாட்டியாம்மா?" என்றான்.

"வாரேன்டா. தீவாளிக்கு. மறுநாளே பஸ் ஏத்தி விட்டுரணும்."